பெங்களூர் சாலை – 7: ஐம்பது மைல் கணக்கு

ராணிப்பேட்டைக்கும் ஓசூருக்கும் ஆலைகள் வந்த கதையைத் தில்லியிலிருந்து தொடங்க வேண்டும்.

சென்ற இதழில் கிண்டியையும் அம்பத்தூரையும் பார்த்தோம். 1958இல் கிண்டித் தொழிற்பேட்டை, அறுபதுகளின் நடுவில் அம்பத்தூர், அவற்றோடு பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, எண்ணூர் லேலண்ட், ஆவடி டாங்க் தொழிற்சாலை. கோயம்புத்தூர் தன் போக்கில் தனியாக வளர்ந்தது. அதைத் தவிர்த்துப் பார்த்தால், அன்றைக்குப் புதுத் தொழில் என்றாலே சென்னை என்ற நிலை. பெங்களூர் சாலையில் பூந்தமல்லியைத் தாண்டிவிட்டால் ஏரிப் பாசனமும் நெல்லும்தான். இன்னும் மேற்கே போனால் கேழ்வரகும் கொள்ளும் விளையும் மானாவாரிக் காடுகள். மகாராஷ்டிரத்தில் பம்பாய், வங்கத்தில் கல்கத்தா என்று நாடு முழுக்க இதே நிலைமைதான். மூன்று ஐந்தாண்டுத் திட்டங்கள் முடிந்த பிறகும் தொழில் நாலைந்து பெருநகரங்களை விட்டு நகரவில்லை என்ற குறை நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்ப எழுந்தது.

இந்தக் குறையைத் தீர்க்க 1968இல் இரண்டு குழுக்கள் அமைக்கப்பட்டன. பி.டி. பாண்டே தலைமையிலான குழு, எந்தெந்த மாவட்டங்களைப் பின்தங்கியவை என்று கொள்வது என அளவுகோல் வகுக்க வேண்டும். என்.என். வாஞ்சூ தலைமையிலான குழு, அங்கே முதலாளிகள் வருவதற்கு என்னென்ன சலுகை தரலாம் என்று சொல்ல வேண்டும். 1969இல் இரண்டு அறிக்கைகளும் வந்துவிட்டன. பின்னால் இந்தச் சாலையோரம் எழுந்த தொழிற்பேட்டைகள் பலவற்றுக்கு விதை அங்கே விழுந்ததால், பாண்டே குழு சொன்ன அளவுகோல்களை வாசகர்கள் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டுகிறேன்.

முதல் அளவுகோல் தூரம். தேர்ந்தெடுக்கும் மாவட்டம் பெரிய நகரத்திலிருந்தோ பெரிய தொழில் திட்டத்திலிருந்தோ ஏறத்தாழ 50 மைல் ஆரத்துக்கு வெளியே இருக்க வேண்டும். அடுத்தது வறுமை. தனிநபர் வருமானம் மாநில சராசரியைவிட 25 சதவீதமாவது குறைவாக இருக்க வேண்டும். ஆலை வேலையில் இருப்போரின் விகிதமும் அதே அளவுக்குக் குறைந்திருக்க வேண்டும். இவை குறையை அளக்கும் கணக்குகள். வசதியைப் பற்றிய நிபந்தனைகளும் இருந்தன: மின்சாரம், போக்குவரத்து, தண்ணீர் ஆகியவை இப்போதே இருக்க வேண்டும், அல்லது ஓரிரு ஆண்டுகளில் வந்துவிடும் என்ற உறுதியாவது வேண்டும். கழிவுநீர் எங்கே போகும் என்ற கேள்வி அந்தப் பட்டியலில் இல்லை. குழுவை மட்டும் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு இந்தியாவில் நீர் மாசைத் தடுக்க மத்தியச் சட்டமே கிடையாது.

வாஞ்சூ குழு வழியில் பிறந்தது சாலையோரத்தில் எல்லோர் வாயிலும் புழங்கிய ‘சப்சிடி’. பின்தங்கிய பகுதியில் ஆலை போட்டால், நிலம், கட்டடம், இயந்திரத்துக்குப் போட்ட மூலதனத்தில் 10 சதவீதத்தை மத்திய அரசு திருப்பித் தரும், உச்சவரம்பு 5 லட்சம் ரூபாய். 1973இல் இதை 15 சதவீதமாகவும் 15 லட்சமாகவும் உயர்த்தினார்கள். இது தவிர, இன்னும் விரிவான ஒரு மாவட்டப் பட்டியலுக்கு நிதி நிறுவனங்கள் குறைந்த வட்டியில் கடன் கொடுத்தன. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருந்த மாவட்டங்களில் வடஆற்காடும் தருமபுரியும் அடக்கம். சென்னையிலிருந்து பெங்களூர் போகும் சாலை செங்கல்பட்டு மாவட்டத்தைத் தாண்டியதும் அன்றைய இந்த இரண்டு மாவட்டங்களுக்குள்தான் நுழைந்து வெளியேறியது. ஒரே நெடுஞ்சாலையின் பெரும்பகுதி அப்படியே சலுகைப் பட்டியலுக்குள் வந்துவிட்டது.

பட்டியல் வந்தால் மட்டும் போதாது, வருகிறவருக்கு நிலம் கொடுக்க ஆள் வேண்டும். 1971இல் கருணாநிதி ஆட்சியில் ‘சிப்காட்’ தொடங்கப்பட்டது. சிட்கோ அதற்கு முந்தைய ஆண்டே வந்திருந்தது. அது சிறுதொழிலுக்கானது. சிப்காட்டின் வேலை பெரிய அளவில் நிலத்தைக் கையகப்படுத்தி, உள்சாலை போட்டு, மின்சாரமும் தண்ணீர்க் குழாயும் இழுத்து, மனைகளாகப் பிரித்து 99 ஆண்டுக் குத்தகைக்கு விடுவது. நிலம் எடுத்தது 1894ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் காலச் சட்டத்தின் கீழ். கிராமத்தில் இன்றும் ‘4(1) நோட்டீஸ்’ என்றால் வயதானவர்களுக்குப் புரியும். அந்த நோட்டீஸ் வந்துவிட்டால், பக்கத்து நிலங்கள் என்ன விலைக்குப் பத்திரம் ஆகியிருக்கின்றன என்று பார்த்துத் தொகை நிர்ணயிப்பார்கள். முத்திரைத்தாள் செலவுக்குப் பயந்து விலையைக் குறைத்துப் பதிவு செய்வது ஊர் வழக்கமாக இருந்த காலம் அது. அந்தக் குறைந்த விலையே நிலம் இழந்தவருக்குக் கிடைத்த தொகைக்கும் அளவாகியது. பட்டா இல்லாமல் புறம்போக்கில் ஆடு மாடு மேய்த்தவர்களுக்கு அந்தத் தொகையும் கிடையாது. தொழில் வரலாறு எழுதுகிறவர்கள் ஆலை திறந்த தேதியை விடாமல் எழுதுகிறார்கள். நிலம் கொடுத்தவர்களின் கணக்கு பெரும்பாலும் தாலுகா அலுவலகக் கட்டுகளுக்குள்ளேயே கிடக்கிறது.

1973இல் சிப்காட்டின் முதல் தொழில் வளாகம் ராணிப்பேட்டையில் எழுந்தது.

ஏன் ராணிப்பேட்டை? ஊர் சென்னையிலிருந்து 110 கிலோமீட்டர், அதாவது 70 மைல். 50 மைல் விதிக்கு வெளியே. ஆனால் இது வெறும் பொட்டல் ஊர் இல்லை. இந்தத் தொடரின் மூன்றாம் பகுதியில் எழுதியதை நினைவில் வைத்திருப்பீர்கள்: 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில் வந்து நின்ற இடம் பக்கத்திலிருக்கும் வாலாஜா ரோடு. 1906இல் பாரி கம்பெனி இங்கே சூப்பர் பாஸ்பேட் உரம் தயாரிக்கத் தொடங்கியது. பீங்கான் தொழிலும் அந்தக் கம்பெனியோடு வளர்ந்தது. 1932இல் கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம் வந்தது. சாலையும் இங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று சித்தூர், கோலார் வழியாகப் பெங்களூருக்கு, மற்றது வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியாகக் கிருஷ்ணகிரிக்கு. இரண்டு திசைச் சரக்கும் கடந்து போகும் முனை. மாவட்டம் பின்தங்கியது என்பது உண்மை. அதற்குள் இந்த ஊர் ஏற்கெனவே பழகிய தொழில் ஊர். திட்டமிட்டவர்கள் மாவட்டத்தின் பெயரால் சலுகையை வாங்கி, மாவட்டத்திலேயே முன்னேறியிருந்த இடத்தில் போட்டார்கள். அது தவறான முடிவு என்று நான் சொல்லமாட்டேன். தண்டவாளமும் கூட்டுச்சாலையும் உள்ள இடத்தில்தான் ஆலை பிழைக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் பெல் நிறுவனம் தன் கொதிகலன் துணைக்கருவி ஆலைக்கு இந்த ஊரையே தேர்ந்தெடுத்ததற்கும் இந்த வசதிகளோடு தொடர்பு உண்டு.

ராணிப்பேட்டையை மாற்றிய இன்னொரு முடிவு அதே சமயம் தில்லியில் எடுக்கப்பட்டது. சிப்காட்டுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை. இரண்டும் ஒரே ஊரில் வந்து சந்தித்துக்கொண்டன.

வடஆற்காட்டுத் தோல் தொழில் அதுவரை ஆவாரம்பட்டையில் ஓடியது. ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, மயிர் கழித்து, ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காய்ச் சாற்றிலும் வாரக்கணக்கில் போட்டு எடுப்பார்கள். இப்படி அரைகுறையாகப் பதனிட்ட தோல் பெரியமேட்டு மண்டி வழியாகச் சென்னைத் துறைமுகம் போய், ஐரோப்பாவில் செருப்பாகவும் பையாகவும் ஆகும். லாபத்தின் பெரும்பகுதி அங்கே. அதை நம் நாட்டிலேயே முழுப்பொருளாக்கி விற்றால் அந்நியச் செலாவணி பல மடங்கு கிடைக்கும் என்று 1972இல் சீதாராமையா குழு சொன்னது. அரசு ஏற்றுக்கொண்டது. அரைகுறைத் தோல் ஏற்றுமதிக்கு அளவு வைத்து, முடிந்த தோலுக்கும் ஷூவுக்கும் ஊக்கம் கொடுத்தது. பொருளாதாரமாகப் பார்த்தால் சரியான யோசனை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஆயிரக்கணக்கான பெண்கள் ஷூ கம்பெனி வேலைக்குப் போய்க் குடும்பத்தை நிமிர்த்தியது இந்த முடிவின் பலன்.

அதற்கு விலையும் இருந்தது. உலகச் சந்தை கேட்ட மென்மையான தோலுக்குக் குரோமியம் வேண்டும். பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் நடந்தது குரோமிய உப்பில் ஒரு நாளில் முடிந்துவிடும். டேனரிகள் ஒவ்வொன்றாக டிரம்முக்கு மாறின. நீலம் பாய்ந்த ‘வெட் புளூ’ தோல் மலைபோல் குவிந்தது. அத்தனை டேனரிகளுக்கும் குரோமிய உப்பு வேண்டுமே. அதைத் தயாரிக்க 1975இல் ராணிப்பேட்டை சிப்காட்டுக்குள் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. வாடிக்கையாளர்கள் ஒரு லாரி ஓடும் தூரத்தில். தொழில் வளாகம் என்ற யோசனைக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணத்தை அன்றைய திட்ட அதிகாரி எவரும் காட்டியிருக்க முடியாது.

இந்த உப்பு எப்படிப் பிறக்கிறது என்பதைச் சொல்லாமல் மேற்கொண்டு போக முடியாது. குரோமைட் தாதுவைச் சோடா உப்போடும் சுண்ணாம்போடும் கலந்து சூளையில் வறுப்பார்கள். வறுத்ததைத் தண்ணீரில் அலசினால் பளிச்சென்ற மஞ்சள் கரைசல் பிரியும். அது சோடியம் குரோமேட். அதிலிருந்து ஆரஞ்சு நிற டைகுரோமேட். அதிலிருந்து, தோலுக்குப் போடும் பச்சை நிறக் குரோமியம் சல்பேட். தோலில் சேரும் கடைசிப் பொருளின் நச்சு குறைவு. ஆனால் வழியில் வரும் மஞ்சள், ஆரஞ்சு நிலைகளில் குரோமியம் வேறு குணம் கொண்டது. வேதியியலில் ஆறு இணைதிறன் குரோமியம் என்பார்கள். தண்ணீரில் எளிதாகக் கரையும், தோலைப் புண்ணாக்கும், நெடுநாள் மூச்சில் போனால் மூக்குத்தண்டில் ஓட்டை விழும், நுரையீரல் புற்றுநோய் வரும். அலசி எடுத்த பிறகு மிஞ்சுகிற சக்கையில் இந்தக் குரோமியம் ஒரு பங்கு தங்கிவிடும். அந்தச் சக்கையை ஆலை வளாகத்திலேயே திறந்த வெளியில் கொட்டினார்கள். இருபது ஆண்டுகள் கொட்டினார்கள்.

தேதிகளை வரிசையாகப் பாருங்கள். வளாகம் 1973. நீர் மாசுத் தடுப்புக்கான முதல் மத்தியச் சட்டம் 1974. குரோமேட் ஆலை 1975. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது 1982. ஆலை ஓடத் தொடங்கி ஏழு ஆண்டுகள் கழித்துத்தான் அதைக் கேள்வி கேட்க மாநிலத்தில் ஒரு வாரியம் வந்தது. அதற்குள் சக்கை மேடாகிவிட்டது. 1995இல் ஆலை மூடப்பட்டது. விட்டுச்சென்ற கழிவு சுமார் 2.27 லட்சம் டன் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு மழைக்கும் அது கரைந்து இறங்கிக்கொண்டே இருந்தது. சுற்றுவட்டாரக் கிணறுகளில் தண்ணீர் மஞ்சளாக ஊறியது. 2006இல் நியூயார்க்கின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகில் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது, செர்னோபிலும் நோரில்ஸ்கும் இருந்த அதே பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது. ஆலை மூடிக் கால் நூற்றாண்டு கழிந்த பிறகும் மேடு அங்கேயே கிடந்தது.

டேனரிகளின் கழிவுநீர் இதற்கு மேல். ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் தண்ணீர் போகிறது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் குறித்திருக்கிறார்கள். உப்பும் குரோமியமும் கலந்த அந்த நீர் பாலாற்றில் இறங்கியது. பாலாறு ஆண்டில் பெரும்பகுதி வறண்ட ஆறு. மேலே மணல், கீழே ஊற்று. அந்த ஊற்றை நம்பித்தான் கரையோர ஊர்கள் குடித்தன, பயிரிட்டன. கழிவு ஊற்றுக்குள் இறங்கியபோது, வெள்ளத்தில் அடித்துப்போக வழியில்லாமல் அங்கேயே தங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றம் போனது. வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கணக்கெடுத்து, தோல் தொழில் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாமல் போய்விட்டது என்று சொன்னதைத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு அளித்த அந்தத் தீர்ப்பு, கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும், கேடு வரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளையும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. இன்று நாட்டில் எந்தச் சுற்றுச்சூழல் வழக்கிலும் இந்தத் தீர்ப்பைச் சொல்லாமல் வாதிட முடியாது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம். பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு நிர்ணயிக்கத் தனி ஆணையம்.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. நிலைமை ஓரளவு மாறியது. ஆனால் 2015 ஜனவரிக் கடைசியில் ஒரு நள்ளிரவு, ராணிப்பேட்டை சிப்காட்டில் அப்படிப்பட்ட ஒரு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சகதியில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்கள் ஏன் ஆலைக்குள்ளேயே தூங்கினார்கள்? தங்க வேறு இடம் இல்லாததால். 1973இன் வரைபடத்தில் ஆலைக்கு மனை இருந்தது, ஆளுக்கு வீடு இல்லை. நாற்பது ஆண்டுகளில் அதைச் சரிசெய்ய எத்தனையோ வாய்ப்புகள் வந்துபோயிருந்தன.

இனி சாலையின் மறுமுனை.

ஓசூர் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. 1965இல் சேலத்திலிருந்து பிரித்தபோதே தருமபுரி மாநிலத்தின் வறண்ட, ஏழை மாவட்டங்களில் ஒன்று. எந்த அளவுகோலை வைத்தாலும் பட்டியலில் வரும். ஆனால் ஓசூர் எங்கே இருக்கிறது? சென்னையிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். பெங்களூரிலிருந்து 40 கிலோமீட்டர், அதாவது 25 மைல். பெரிய நகரத்திலிருந்து 50 மைல் என்ற விதியை ஊர் அளவில் வைத்திருந்தால் ஓசூர் தேறியிருக்காது. மாவட்டத்தை அலகாக வைத்ததாலும், அருகிலிருந்த பெருநகரம் மாநில எல்லைக்கு அப்பால் இருந்ததாலும் தேறியது.

ராணிப்பேட்டையை அடுத்து, எழுபதுகளின் நடுவிலேயே சிப்காட் இங்கே நிலம் எடுத்தது. முதலில் ஆலைகள் மெதுவாகத்தான் வந்தன. 1980 திருப்புமுனை. எண்ணூரில் இடம் போதாமல் இருந்த அசோக் லேலண்ட் அந்த ஆண்டு ஓசூரில் ஆலை திறந்தது. அதே ஆண்டு டி.வி.எஸ். குழுமத்தின் மொபெட் ஓசூரிலிருந்து புறப்பட்டது. இரண்டு பேர் உட்காரக்கூடிய அந்த டி.வி.எஸ். 50இல்தான் பால்காரர்களும் பூக்காரர்களும் நாட்டு வைத்தியர்களும் தமிழ்நாட்டுக் கிராமச் சாலைகளை அளந்தார்கள். 1984இல் டாடாவும் மாநில அரசின் டிட்கோவும் கூட்டாக டைட்டன் கம்பெனியைத் தொடங்கின. 1987இல் ஓசூர் கைக்கடிகாரம் கடைக்கு வந்தது.

டைட்டனை எடுத்துக்கொண்டாலே ஓசூரின் சூத்திரம் புரிந்துவிடும். மூலதனத்தில் தமிழ்நாட்டு அரசுக்குப் பங்கு. நிலம் சிப்காட்டுடையது. கடிகாரத் தொழில் தெரிந்த கைகளோ பெங்களூரில் இருந்தன. 1961 முதல் எச்.எம்.டி. அங்கே கைக்கடிகாரம் செய்துவந்தது. பொறியாளர்களும் மேலாளர்களும் காலையில் பெங்களூரில் கிளம்பி மாலையில் வீடு திரும்பலாம், பிள்ளைகளின் பள்ளியை மாற்ற வேண்டியதில்லை. கருவி செய்துகொடுக்கப் பட்டறைகள் பீன்யாவில் இருந்தன. தொழிலாளர்களாகச் சுற்று மாவட்டப் பள்ளிகளில் படித்து முடித்த பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். கேழ்வரகுக் காட்டில் பிறந்த பையன் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, கடிகாரத்தின் நுண்ணிய பாகங்களைப் பொருத்தக் கற்றான். ஒரு தலைமுறைக்குள் நடந்த இந்த மாற்றத்தைத் தமிழ்நாட்டுத் திட்டமிடலின் நல்ல பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். பின்தங்கிய மாவட்டத்துக்கு ஆலை கொண்டுபோவதால் பயனில்லை என்று யாராவது சொன்னால், ஓசூரைக் காட்டலாம்.

எல்லைக்கு அந்தப் பக்கமும் சும்மா இல்லை. 1978இல் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம், ஆர்.கே. பாலிகாவின் முயற்சியில், இதே ஓசூர் சாலையில் 332 ஏக்கரில் எலக்ட்ரானிக் சிட்டியைத் தொடங்கியது. பொம்மசந்திரா, அத்திப்பள்ளி என்று ஆலைகள் எல்லை நோக்கி வந்தன. ஜூஜூவாடி சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நின்ற காலத்திலும் சாவடிக்கு இருபுறமும் இருந்தது ஒரே தொழில் வட்டாரம்தான். இரண்டு மாநிலங்கள் தனித்தனியாகச் சலுகை கொடுத்து, போட்டி போட்டு வளர்த்த ஒரே வட்டாரம். சேர்ந்து உட்கார்ந்து யாரும் திட்டமிடவில்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது வரிச் சோதனைக்காக லாரிகள் நின்ற அந்த வரிசை முடிந்தது.

ஓசூரில் நடந்தது நாடு முழுவதும் நடந்திருந்தது. 1978இல், பசுமைப் புரட்சிக் காலத்து வேளாண் செயலாளராக நாம் அறிந்த பி. சிவராமன் தலைமையில் பின்தங்கிய பகுதிகளுக்கான தேசியக் குழு அமைந்தது. மத்திய சப்சிடி எங்கே போனது என்று அது ஆராய்ந்தது. பெரும்பங்கு, ஏற்கெனவே வளர்ந்த நகரங்களை ஒட்டிய சில மாவட்டங்களுக்கே போயிருந்தது. நிஜமாகவே தொலைவில், நிஜமாகவே ஏழையாக இருந்த மாவட்டங்களுக்குக் கிடைத்தது சொற்பம். சலுகை ஒரே அளவாக இருந்தால் முதலாளி பட்டியலில் உள்ள மிக அருகிலான இடத்தைத்தானே பார்ப்பார்? இராமநாதபுரமும் பட்டியலில் இருந்தது, தருமபுரியும் இருந்தது. அவர் ஓசூருக்குப் போனார். தருமபுரி மாவட்டத்துக்குள்ளேயே பென்னாகரத்துக்கோ அரூருக்கோ அவர் போகவில்லை. மாவட்டத்தின் ஏழ்மையைக் காட்டி வாங்கிய சலுகை மாவட்டத்தின் ஒரு மூலையில், எல்லையோரச் சாலையில், குவிந்துவிட்டது. 1988இல் மத்திய சப்சிடி திட்டம் நிறுத்தப்பட்டது.

தண்ணீருக்கு வருவோம். இப்போதே கிடைக்க வேண்டும், இல்லையேல் ஓரிரு ஆண்டில் வந்துவிட வேண்டும் என்று பாண்டே குழு எழுதியிருந்தது. ஓசூரும் கிருஷ்ணகிரியும் தருமபுரியும் ஆழ்துளைக் கிணற்றை நம்பியே வளர்ந்தன. அந்த நீரில் புளோரைடு. பற்கள் காவியேறி, முதுகும் முழங்காலும் விறைத்துப்போனவர்களை இந்த மாவட்டங்களின் பல ஊர்களில் பார்க்கலாம். காவிரி ஒகேனக்கல்லில் அருவியாக விழுவது இதே தருமபுரி மாவட்டத்தில்தான். அந்தத் தண்ணீர் குழாய் ஏறி வர, ஜப்பானியக் கடனுதவியோடு 2013 மே மாதம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சிப்காட் நிலம் எடுத்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள். இடைப்பட்ட காலத்தில் ஓசூருக்கு மேலிருந்து வந்த தென்பெண்ணை, பெங்களூரின் சாக்கடையைச் சுமந்து வந்து கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்கியது. இப்போதும் மதகைத் திறக்கும் நாட்களில் வெள்ளை நுரை ஆளுயரத்துக்கு எழுகிறது. எல்லைக்கு இருபுறமும் சேர்ந்து திட்டமிடாததன் விளைவை அந்த அணையில் கண்ணால் பார்க்கலாம்.

ஆம்பூரும் வாணியம்பாடியும் இரண்டு முனைகளுக்கும் நடுவில் இருக்கின்றன. அவற்றை வளர்த்தது அரசின் வளாகத் திட்டம் அல்ல. தலைமுறையாகத் தோலில் இருந்த வணிகக் குடும்பங்களும், பரம்பரையாக அந்த வேலையின் கஷ்டத்தையும் இழிவையும் சுமந்த தலித் தொழிலாளர்களும்தான். தங்க நாற்கரச் சாலை வந்தபோது, சென்னை – பெங்களூர் நான்குவழிப் பாதையைப் பழைய சித்தூர் வழியில் போடாமல் கிருஷ்ணகிரி வழியே கொண்டுபோனதால் இந்த ஊர்களுக்குப் பெரிய பலன் கிடைத்தது. சித்தூரும் முல்பாகலும் பின்னுக்குப் போயின. இப்போது காற்று மறுபடி திசைமாறுகிறது. 2022 மே மாதம் சென்னையில் பிரதமர் அடிக்கல் நாட்டிய 262 கிலோமீட்டர் பெங்களூர் விரைவுச்சாலை, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ராணிப்பேட்டை மாவட்டத்தைக் கடந்து, சித்தூர் வழியாக ஒசகோட்டை போகிறது. ஆம்பூரும் கிருஷ்ணகிரியும் ஓசூரும் அதன் வழியில் இல்லை. ஜப்பானிய உதவியோடு தீட்டிய சென்னை – பெங்களூர் தொழில் வழித்தட வரைவில் முதலில் தேர்வான மூன்று முனையங்களும் பொன்னேரி, கிருஷ்ணபட்டினம், துமகூரு.

அந்த விரைவுச்சாலை ஓரத்திலும் நாளை நிலம் எடுப்பார்கள். எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலை வேண்டும், அதற்கு ஆலை வேண்டும். ஆனால் 4(1) நோட்டீஸின் இடத்தில் இன்று 2013ஆம் ஆண்டின் புதிய சட்டம் இருக்கிறது, சமூகத் தாக்க ஆய்வைக் கிராம மக்கள் முன் வைக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. உங்கள் ஊரில் அப்படிக் கூட்டம் நடந்தால், எத்தனை பேருக்கு வேலை என்ற கேள்வியோடு நிறுத்தாதீர்கள். ஆலைக்குத் தண்ணீர் எந்த ஆற்றிலிருந்து, எந்த ஆண்டு வரும்? சக்கையையும் சகதியையும் எங்கே, யார் செலவில் வைப்பார்கள்? வெளியூர்த் தொழிலாளி எங்கே தூங்குவார்? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் கேளுங்கள். ராணிப்பேட்டையில் 1973இல் இதைக் கேட்க யாருக்கும் வழி இருக்கவில்லை.

1991 ஜூலையில் வந்த புதிய தொழில் கொள்கை, பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களின் விளிம்பிலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போதும் என்று இடக் கட்டுப்பாட்டைச் சுருக்கியது. ஐம்பது மைல் கணக்கு அதோடு முடிந்தது. சென்னையிலிருந்து 40 கிலோமீட்டரில், ஏரிகளுக்கு நடுவே இருந்த ஸ்ரீபெரும்புதூரின் கதை அங்கே தொடங்குகிறது. அது அடுத்த இதழில்.